செவலை காத்திருந்த பாட்டு

களி பாதிதான் வெந்திருந்தது. முத்தாயம்மாள் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் கருப்பண்ணன், ஒரு கையில் மைக்கூடும் இன்னொரு கையில் வக்கீல் காகிதமுமாக அடுப்படிக்குள் வந்து நின்றார்.

"ஏ புள்ள, பெருவெரலை நீட்டு."

"சித்தெ பொறுங்க. உட்டாக் களி அடி புடிச்சுப்போகும்."

"களி கெடக்குது களி! நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காகிதம் சேலம் போய்ச் சேரோணும்னு வக்கீல் சொல்லியிருக்கறாரு. கைநாட்டு வெச்சுப்போட்டு அப்பறம் கிண்டு."

"என்னன்னு எழுதியிருக்குதுங்க?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"என்ற வெரலுங்களே..."

கருப்பண்ணன் முறைத்தார். பிறகு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"'மேற்படி மெட்டை என் புருஷர் கருப்பண்ண கவுண்டர் வேறொருத்தர் துணையில்லாமல் தனியாகவே உண்டாக்கினார் என்பதை நான் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் இருக்கிறேன்...' போதுமா? வெரலை வை!"

முத்தாயம்மாள் துடுப்பை விட்டாள். களி புஸ் புஸ்ஸென்று வெடித்தது.

"தனியாவேன்னு எழுதாதீங்க."

"என்ன சொன்னே?"

"அந்த ஒரு வார்த்தைய எடுத்துப்போடுங்க. அது தனியா வந்த பாட்டில்லீங்க. நான் சொல்றதைச் சித்தெ..."

"பார்த்தியாக்கா! பார்த்தியா இவ பேசற பேச்சை!" கருப்பண்ணன் வெளியே பார்த்துக் கத்தினார்.

வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்த பழனியம்மாளுக்கு அது போதும். கருப்பண்ணனின் அக்கா அவள். புருஷன் செத்து, தம்பி வீட்டோடு வந்து பத்து வருஷம் ஆகிறது.

"நான் எப்பவோ சொன்னேன் சாமி. நீதான் கேக்கலே. ஆறு மாசத்துக்கு முன்னால உன்ற தம்பி பொண்டாட்டிக்குப் பேறு பார்க்கறேன்னு அவன் ஊட்டுக்குச் சேலம் போயி இருபது நாளு உக்காந்துட்டு வந்தாளே, அப்பவே பாட்டு கைமாறிப் போச்சு! இல்லாட்டி நாலாம் மாசமே அவன் பாட்டுப் பிளேட்டு எப்புடி வரும்? பெக்காத புள்ளைக்கு இத்தனை பாசம்! கட்டுனவனுக்கு என்ன இருக்குது?"

முத்தாயம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் களி தீய்ந்த வாசம் வந்துவிட்டது. பதிலை அப்படியே விழுங்கிவிட்டுச் சட்டியை இறக்கினாள்.

விஷயம் இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் மாரியம்மன் நோம்பிக்காகக் கருப்பண்ணன் ஒரு பாட்டுக் கட்டினார். கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டும்போது பாடிப் பழகிய மெட்டு. அதில் அம்மன் பேரில் வார்த்தை வைத்தார். சேலத்தில் புத்தகமாக அச்சுப் போட்டார்கள். அட்டையில் அவர் பேர். ராசிபுரத்தைச் சுற்றி எந்த ஊரில் நோம்பி சாட்டினாலும் அவரைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். ஏர் பிடித்துக் காய்த்துப்போன அந்த மனுஷனுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பெருமை அது.

அப்படி இருக்க, போன மாசம் ராசிபுரம் காப்பிக் கிளப்பில் பாட்டுப்பெட்டி அதே மெட்டைப் பாடியது! வார்த்தை வேறு, ஏதோ காதல் பாட்டு. பாடியது ஆரென்று கேட்டால், சுப்பையன். ஆறு வருஷத்துக்கு முன் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போன கூடப்பிறந்த தம்பி!

காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்தார் கருப்பண்ணன். வரும்போது அந்தப் பிளேட்டையும் தேடி வாங்கி வந்தார். வீட்டில் பாட்டுப்பெட்டி கிடையாது. பிளேட்டு மட்டும் துண்டில் சுற்றிக் கம்பு மொடாவுக்குள் சாட்சியாகக் கிடந்தது. கம்பு எடுக்கும்போதெல்லாம் பழனியம்மாள் அதன் மேல் கை படாமல் ஒதுங்கி எடுப்பாள். தொட்டால் பாடிவிடுமோ என்று பயம்.

அன்றைக்கு உச்சிப் பொழுதில் தபால்காரர் இன்னொரு காகிதம் கொண்டுவந்தார். சுப்பையனின் வக்கீல் அனுப்பியது. கருப்பண்ணன் படிக்கப் படிக்க அவர் காது மடல் சிவந்தது.

"சின்ன வயசுல இருந்து மடை பார்த்துக்கிட்டு அவன் பாடுன மெட்டாம்! நான் அதைக் கேட்டுக் காப்பியடிச்சு அம்மனுக்குப் போட்டுக்கிட்டனாம்! இதுக்குச் சாட்சி ஆருன்னு பார்த்தியா? 'அண்ணியார் முத்தாயம்மாள்!' இப்ப என்னடி சொல்றே?"

"ரெண்டு பேருமே அரை நெசந்தானுங்க சொல்றீங்க. நான் என்ன சொல்றேன்னா..."

"அரை நெசமா? அப்ப நான் பொய்யனா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க! முழுசாக் கேளுங்க..."

"கேட்டது போதும்! நாளைக்கு வெடியால கைநாட்டு வெச்சா இந்த ஊடு உனக்கு. இல்லையா... உங்கப்பன் ஊட்டுக்கு வண்டி கட்டச் சொல்லிப்போடறேன். இங்க அவனுக்குச் சாட்சி சொல்றவளுக்குச் சோறு இல்லே!"

முத்தாயம்மாள் பதினேழு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது, தாயில்லாத எட்டு வயசுப் பையனாகச் சுப்பையன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அவன்தான் பிள்ளை. தனக்கென்று ஒன்று பிறக்கவில்லையே என்று அவள் அழுததுகூட அவன் தூங்கின பிறகுதான். இப்போது ஒரு பக்கம் கட்டினவன், ஒரு பக்கம் வளர்த்த பிள்ளை. இரண்டு பேருக்கும் அவள் விரல் வேண்டும். அவள் காது என்ன கேட்டது என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் பொறுமை இல்லை!

பொழுது சாயும் நேரம் கூழ்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். மஞ்சள் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. செவலை, மயிலை என்ற இரண்டு மாடுகளையும் கவலையில் பூட்டியிருந்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் கயிறு இழுத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். தண்ணீர் தொட்டியில் கொட்டினதும் மாடுகள் பின்னுக்கு நடந்து சரிவேற வேண்டும். மேலே மடை பார்ப்பது பண்ணையாள் ஆண்டி. கீழே ஓட்டுவது கருப்பண்ணன்.

சால் கொட்டியது. "ஆச்சுங்கோ!" என்று ஆண்டி கத்தினான். மயிலை பின்னுக்கு ஒரு எட்டு வைத்தது. செவலை நின்றது. காதை விறைத்துக்கொண்டு, மேட்டைப் பார்த்துக்கொண்டு, கல்லாக நின்றது.

சுளீர்!

"நாசமாப் போறதே! ஆறு வருசமா இதே வேலை! ஒவ்வொரு சாலுக்கும் அடி வாங்காம நகருதா பாரு!"

"அடிக்காதீங்க! அது ஒண்ணும் சண்டித்தனம் பண்ணலே. காத்துக்கிட்டு நிக்குதுங்க."

"என்னத்துக்கு? வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கோணுமா?"

மேலே ஆண்டி சிரித்துவிட்டான். கருப்பண்ணனும் தன் நையாண்டியில் தானே கொஞ்சம் குளிர்ந்தார்.

"இவளுக்கு மாட்டுப் பாஷை வேற தெரியும்டா ஆண்டி! மாட்டுக்கும் வக்காலத்து, அவனுக்கும் வக்காலத்து. கட்டுனவனுக்கு மட்டும் கைநாட்டு வைக்க வெரலு வராது!"

முத்தாயம்மாள் கூழ்ச் சட்டியை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். செவலையைச் சந்தைக்கு ஓட்டப் போனபோதெல்லாம், மூன்று தடவை, காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தடுத்தவள் அவள்தான். ஏன் என்று அப்போதும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தது. மைக்கூடு ஆட்டுக்கல்லின் மேல் தயாராக இருந்தது. முத்தாயம்மாள் குளித்து, இரண்டு சேலையை மூட்டையாகக் கட்டி, வாசலில் வந்து நின்றாள்.

"கைநாட்டு?" என்றார் கருப்பண்ணன்.

"பொய்யிக்கு வைக்கமாட்டனுங்க."

அவருக்கு முகம் கறுத்தது. மூட்டையை அவர் எதிர்பார்க்கவில்லை. மிரட்டினால் பணிவாள் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாளே!

"சரி, போ... நான் ஒண்ணும் தடுக்கலே..."

"போறவளைத் தடுக்காதே சாமி" என்றாள் பழனியம்மாள். "நேரா நாமகிரிப்பேட்டைக்கு அப்பன் ஊட்டுக்கா போறா? சேலத்துக்கு இல்லே போவா!"

அந்த நேரத்தில் தெருவில் கரி பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ். சட்டையெல்லாம் கரியோடு இறங்கி வந்தான் சுப்பையன். ஆறு வருஷம் கழித்துப் பிறந்த வீட்டு வாசலில் நின்றவன் அண்ணனைப் பார்க்கவில்லை.

"நங்கை!" என்றான். அண்ணியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "மூட்டையோட நிக்கறீங்க? தொரத்திப்போட்டாங்களா? வாங்க போலாம். வக்கீல் கிட்ட உள்ளதைச் சொல்லிப்போடுங்க. நான் மடையில நின்னு பாடுனதை நீங்க கேட்டீங்கல்ல?"

"டேய்! என்ற ஊட்டுக்கு வந்து என்ற பொண்டாட்டியச் சாட்சிக்குக் கூப்படறயா? திருட்டு நாயே!"

"ஆரு திருடன்? நான் பாடுனதைக் கேட்டு அம்மன் பேரைப் போட்டு அச்சடிச்சது நீ!"

"நான் ஓட்டிக்கிட்டுப் பாடுனதைக் கேட்டுத்தானடா நீ மேல நின்னு பாடுனே!"

"இல்லே, நீதான் என்னையக் கேட்டு..."

"நங்கை, நீங்க சொல்லுங்க!"

"ஏ புள்ள, நீ சொல்லு!"

"நீங்க சொல்லுங்க நங்கை!"

"நிறுத்துங்க!"

முத்தாயம்மாள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காக்கை பறந்தது. பழனியம்மாள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டாள். பதினேழு வருஷத்தில் அந்த வாசலில் அவள் குரல் இப்படி எழுந்ததில்லை.

"சொல்லு சொல்லுங்கறீங்க... ஆராவது ஒருத்தரு கேட்டீங்களா? ஒரு மாசமா வாயைத் தொறக்கறேன், மூடறேன், தொறக்கறேன், மூடறேன்! உங்க ரெண்டு பேருக்கும் சோறாக்கிப் போட்டுச் சோறாக்கிப் போட்டு என்ற கையி காய்ச்சுப்போச்சு. அந்தக் கையில வெரலு மட்டுந்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் சாட்சி சொல்றேன். சேலத்துல இல்லே, கெணத்து மேட்டுல. ரெண்டு பேரும் வாங்க. மாட்டைப் பூட்டிப் பத்தே பத்துச் சாலு எறைங்க. அப்பறம் எந்தக் காகிதத்துல வெரலு வைக்கச் சொன்னாலும் வைக்கறேன்."

மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் இரண்டு வரப்பில், ஒருத்தரையொருத்தர் பார்க்காமல், பின்னால் வந்தார்கள்.

ஆண்டி மாட்டைப் பூட்டினான். முத்தாயம்மாள் அவனை ஒதுங்கச் சொல்லிவிட்டுச் சுப்பையனைப் பார்த்தாள்.

"நீ மடைக்குப் போ சாமி."

"நானா? இந்தச் சட்டையோடயா?"

"எட்டு வயசுல கோவணத்தோட நின்ன எடந்தான். போ."

கருப்பண்ணன் கயிற்றின் மேல் உட்கார்ந்து மாட்டை விரட்டினார். பாட்டில்லை, பேச்சில்லை. உருளை மட்டும் கிறீச்சிட்டது. மாடுகள் சரிவின் அடியில் போய் நின்றன. மேலே சால் கொட்டியது. சுப்பையன் வாயை இறுக்கிக்கொண்டு நின்றான். மயிலை பின்னுக்கு அசைந்தது. செவலை காதை விறைத்து மேட்டைப் பார்த்தது.

கருப்பண்ணனின் சாட்டை மேலே போனது. முத்தாயம்மாள் ஓடிப்போய் அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இது மேல அடி உழுந்தா எம்மேல உழுந்த மாதிரி. சுப்பையா! நீ பாடு!"

"என்னத்தைங்க பாடறது?"

"சின்னப் புள்ளையில சாலு கொட்டுனதும் என்ன பாடுவியோ அதை! பிளேட்டுல பாடுனதை இல்லே. வெக்கப்படாதே, பாடு!"

சுப்பையன் தயங்கினான். தொண்டையைச் செருமினான். பிறகு, பாதி வெட்கமும் பாதி வீம்புமாக, கரகரத்த குரலில் எடுத்தான்.

"பாத்திக்கு வந்தாச்சு... பின்னுக்கு வா செவலே...!"

செவலையின் காது திரும்பியது. தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. அடியில்லை, அதட்டலில்லை, பூப்போலப் பின்னங்காலை எடுத்து வைத்துச் சரிவேற ஆரம்பித்தது. மயிலைதான் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறியது.

முத்தாயம்மாள் பிடித்திருந்த சாட்டையைக் கருப்பண்ணன் விட்டுவிட்டார்.

மாடுகள் மேட்டுக்கு வந்து நின்றன. சால் உள்ளே முங்கியது. கருப்பண்ணனின் வாய் அவரை அறியாமலே திறந்தது.

"பாதாளத் தண்ணியே... மேலுக்கு வா செவலே...!"

மாடுகள் இறங்கின. சால் ஏறியது, கொட்டியது. மேலேயிருந்து அதே மெட்டு, கடைசியில் ஒரு வளைவு வளைந்து, பதிலாக வந்தது. செவலை பின்னுக்கு நடந்தது. மறுபடியும் கீழிருந்து ஒன்று. மறுபடியும் மேலிருந்து ஒன்று. பத்துச் சால் என்று சொன்னது; இருபதுக்கு மேல் போய்விட்டது. நிறுத்த ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

கடைசியில் கருப்பண்ணன் கயிற்றை விட்டு இறங்கினார். முத்தாயம்மாள் வரப்பில் நின்றபடியே பேசினாள். இந்தத் தடவை குறுக்கே ஒருத்தரும் விழவில்லை.

"மழையில்லாத வருசம் கெணத்தை ஆழம் பண்ணுனீங்க. சரிவையும் நீட்டுனீங்க. கீழ நிக்கறவங்களுக்குச் சாலு கொட்டுனது தெரியலே. அதுக்காவ மேலயிருந்து இவன் ஒரு சத்தம் குடுப்பான். எறக்கறப்ப நீங்க ஒரு சத்தம் குடுப்பீங்க. வெறும் 'ஓ'ன்னுதான் இருந்துச்சு. நாளுக்கு ஒரு வார்த்தையா ரெண்டு பேரும் சேர்த்துச் சேர்த்து அது பாட்டாச்சு. ஆரு மொதல்ல, ஆரு பொறகுன்னு எனக்கும் தெரியாது. சோத்துக் கூடையோட நடு வரப்புல நின்னு முழுப் பாட்டைக் கேட்டது நான் ஒருத்திதான்."

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"நோம்பியில நீங்க பாடறப்ப, ஒவ்வொரு அடிக்கும் பொறகு ஒரு நிறுத்து நிறுத்தறீங்களே, எதுக்குன்னு ஒரு நாளாச்சும் ரோசனை பண்ணுனீங்களா? அது இவன் பாடற எடமுங்க. வாயி நிறுத்துது, மனசுக்குத்தான் தெரியலே. இந்தச் செவலை கவலைக்குப் பழகுனது இந்தப் பாட்டுலதான். பதில் வந்தாத்தான் பின்னுக்குப் போகோணும்னு அது கத்துக்கிச்சு. இவன் போன நாள்ல இருந்து ஒவ்வொரு சாலுக்கும் அந்தப் பதிலுக்குத்தான் நின்னு பார்த்துச்சு. அதுக்குத்தான் அடி வாங்குச்சு."

கருப்பண்ணன் செவலையின் பக்கத்தில் போனார். அதன் தொடையில் கையை வைத்தார். ஆறு வருஷத்துத் தழும்பு, ஒன்றின் மேல் ஒன்றாக, விரலுக்கு அடியில் வரிவரியாகத் தட்டுப்பட்டது. மாடு திரும்பி அவர் கையை நக்கியது. அவ்வளவுதான். அந்த முரட்டு மனுஷன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மிவிட்டார்.

"அட பாவி நான்... வாயில்லாத சீவனைப் போட்டு..."

சுப்பையன் ஓடிவந்து அண்ணன் காலைப் பிடித்தான்.

"அண்ணா... நான் தனியாப் பண்ணுனதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சாமி சத்தியமா திருடலே..."

"எந்திரிடா. நானும் அப்படித்தாண்டா நெனச்சேன்." தம்பியை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். கரிச்சட்டையின் கறுப்பு அவர் வெள்ளை வேட்டியெல்லாம் அப்பியது. "உன்ற பிளேட்டுல பேரு போடறவங்ககிட்டச் சொல்லு, மெட்டு அண்ணந்தம்பி ரெண்டு பேருதுன்னு. என்ற புஸ்தகத்துலயும் அடுத்த அச்சுல போட்டுப்போடறேன்."

மடியில் இருந்த வக்கீல் காகிதத்தை எடுத்து வாய்க்காலில் விட்டார். அது மஞ்சள் வயலைப் பார்த்து மெல்லப் போனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது முத்தாயம்மாள் அங்கே இல்லை. மூட்டை தலையிலிருக்க, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அதற்குள் விஷயம் எட்டிப் பழனியம்மாளும் மூச்சு வாங்க வந்து வழியில் நின்றாள்.

"முத்தாயி... நான் வாய்க் கொழுப்புல என்னென்னமோ பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதே கண்ணு" என்று கையைப் பிடித்தாள்.

முத்தாயம்மாள் அந்தக் கையை உதறவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"களிக்கு மாவு அரைச்சு வெச்சிருக்கறேன். சட்டி தீஞ்சு கெடக்குது, நல்லாத் தேச்சு எடுங்க" என்றாள்.

கருப்பண்ணன் எதிரே வந்து நின்றார். மூட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"அதான் எல்லாம் தீர்ந்துபோச்சே புள்ள... இன்னும் எங்க போறே?"

"எங்கப்பன் ஊட்டுக்குங்க. போகச் சொன்னீங்கல்ல?"

"கோவத்துல சொன்னது... அதைப் போயி..."

"கோவத்துல சொன்னாலும் காதுல உழுந்துருச்சுங்களே." அவள் குரலில் சண்டை இல்லை. களைப்புதான் இருந்தது. "பதினேழு வருசமா நான் ஒரு நாளு சும்மா உக்காந்ததில்லே. உக்காந்துட்டு வாரேன்."

தூரத்தில் கரி பஸ் புகைந்துகொண்டு வந்தது. கருப்பண்ணன் மூட்டையை வாங்கித் தானே ஏற்றி வைத்தார். இறங்க மனமில்லாமல் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பத்தான் வாரே?"

முத்தாயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கிணற்று மேட்டில் சுப்பையனின் குரல் கேட்டது. கீழிருந்து ஆளில்லாமல், பதிலை மட்டும் பாடிக்கொண்டிருந்தான்.

"செவலைக்கு வேப்பெண்ணெ போட்டுத் தெனமும் நீவி உடுங்க" என்றாள். "அந்தத் தழும்பெல்லாம் ஆறட்டும். அப்பறம் வாரேன்."